உயிர் இருக்கிறதா?

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு "யம்மா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வரிசையில் நின்ற மனைவி பேச்சித்தாய் ஓடிவந்தாள். அவன் காலடியில் நெளிந்ததன் மேல் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்தாள். என்ன சாதி என்று தெரிந்தால்தானே வைத்தியம் பார்ப்பார்கள்! பிறகு கழுத்தில் தொங்கிய அவசரக் கருவியை அழுத்தினாள்.

"இவியள பூச்சி கடிச்சிட்டு! சீக்கிரம் வாங்க!"

கடிபட்டவன் காதில் பாம்பு என்ற பேர் விழுந்தால் விஷம் தலைக்கேறும் என்பது அந்த மலையில் எல்லோருடைய நம்பிக்கை. கருவிக்கும் அந்தப் பேச்சு பழகியிருந்தது.

"என்ன நிறம்?"

"பச்சை. உச்சியில மஞ்சக் கோடு. கூடையப் போட்டுக் கவுத்து வச்சிருக்கேன்."

கருவியின் குரல் குழைந்தது.

"உலகத்திலேயே உங்கள் மலையில் மட்டும் வாழ்ந்த இனம் அது. அழிந்துபோனதென்று நினைத்திருந்தோம். உயிர் இருக்கிறதா?"

பேச்சித்தாய் புருஷனைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

"உசுரு இருக்கு சாமி! எப்படியாவது காப்பாத்துங்க!"

சொல்லி வாய் மூடுவதற்குள் பறக்கும் வண்டி வந்து இறங்கியது. "வந்துட்டாவ, பயப்படாதிய" என்று அவன் காதில் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே படுக்கை இல்லை. காற்றுத்துளை போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அடியில் ஈரப்பாசி விரித்திருந்தார்கள்.

"கூடையோடு மெல்ல நகர்த்தி உள்ளே விடுங்கள். அடிபட்டுவிடக் கூடாது."

"அப்ப இவிய?"

"கவலைப்படாதீர்கள்," என்றது கருவி ஆறுதலாக. "மனிதர்கள் எல்லா மலையிலும் இருக்கிறார்கள்."