வெண்டைக்காய்ப் பசையில் மாட்டிய இருவர்

கிட்ட வந்து உட்காருங்கள், இது கண்ணுக்கே தெரியாத பொடிசுகளின் கதை. அரிந்த வெண்டைக்காயின் பசைச் சொட்டு ஒன்று பலகையில் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. அந்த ஓரத்தில் வாலன் என்றொரு கிருமியும், இரண்டு இதழை மூடித் திறக்க மட்டுமே தெரிந்த இதழி என்றொரு கிருமியும் மாட்டிக்கொண்டார்கள். நடுவிலுள்ள ஈரத்துக்குப் போகாவிட்டால் சாவுதான்.

வாலன் வாலைப் படபடவென்று அடித்தான். பசை ரப்பர் மாதிரி அவனைப் பின்னால் இழுத்தது.

இதழியும் அவசரமாகத் திறந்து அவசரமாக மூடினாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தண்ணியிலயே முன்னால போன அளவு பின்னால வந்து நிக்கிறவ, இங்க என்னத்தக் கிழிக்கப்போற?" என்றான் வாலன்.

"கொஞ்சம் வாய மூடுடா. இந்தப் பசையோட குணத்தப் பாக்கணும்."

இம்முறை மெதுவாகத் திறந்தாள், பசை விலகிக்கொடுத்தது. வெடுக்கென்று மூடினாள், அது விறைத்துக்கொண்டு அவளை ஒரு மயிரிழை முன்னே தள்ளியது.

"அக்கா! என்ன விட்டுட்டுப் போகாத!"

"வால ஆட்டாம என் முதுகப் பிடி."

பிடித்தான். காய்ந்த ஓரம் அவன் வால்நுனியைக் கவ்வியது. "சீக்கிரம்க்கா, சீக்கிரம்!" என்று அலறினான்.

இதழி பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னைவிட மெதுவாக இதழைத் திறந்தாள்.