கூட ஓடியவள்

டெல்வினுக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஓடி, மறுபடியும் கிழித்துக்கொண்டான். "இன்னொரு தடவை கிழிஞ்சா ஓட்டத்தையே மறந்துட வேண்டியதுதான்" என்று எச்சரித்து, மெதுவோட்டத்துக்கு மட்டும் அனுமதித்தார் பிசியோதெரபி டாக்டர்.

"நானும் வரேன், உடம்பு குறையணும்" என்று கூடவே கிளம்பினாள் புது மனைவி பெனிஷா. ஓசூர் ஏரிக்கரையில் அவன் கொஞ்சம் வேகமெடுத்தாலே, "ஏங்க, மூச்சு வாங்குது, விட்டுட்டுப் போவாதீங்க" என்று நின்றுவிடுவாள். எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவனும் நிற்பான். வாராவாரம் அவள் சற்றே தேறினாள். அவளுக்கு ஏற்ப அவனும் வேகத்தைக் கூட்டினான்.

ஒருநாள் டாக்டர் அவன் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு. இனிமே வேகமா ஓடலாம்" என்றார்.

மறுநாள் காலை, "நீ மெதுவா வா பெனி" என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தான் டெல்வின். பாதிக் கரையில் அவனைத் தாண்டிப் போனாள் பெனிஷா. எட்டிப் பிடிக்க முடியவில்லை.

கரை முடிவில் காத்திருந்தவளிடம், "நீ எப்படி இவ்ளோ வேகமா...?" என்று திணறினான்.

"காலேஜ்ல ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடினவ நான். நீங்க கேட்டதே இல்ல."

"அப்போ அந்த மூச்சு வாங்கினது?"

"எந்த வாரம் எவ்ளோ வேகம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குவேன். அவர் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. எனக்கு முடியலைன்னா நிப்பீங்கன்னு நம்பினேன்."