பெருங்கூவி

மறுபடியும் குரல் பாதியில் உடைந்தது.

டப்பிங் அறையில் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

எதிரே திரையில் ஒரு பறவை, வெறும் பென்சில் கோடுகளில் நின்றது. எருமைக் கனத்துக்கு உடம்பு. முறம் அளவுக்கு இரண்டு சிறகு. மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்னால் வாழ்ந்ததாகக் கதை. அப்படி எதுவும் வாழவில்லை. கார்ட்டூன் படத்துக்காக இளம்பரிதி என்கிற இளம் இயக்குநர் இட்டுக்கட்டியது. பெருங்கூவி என்று பெயரும் வைத்திருந்தான்.

அது மலையுச்சியில் நின்று கூவ வேண்டும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் புள்ளியாகத் தெரியும் குஞ்சு, கேட்டுத் திரும்ப வேண்டும்.

காட்சி அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இது அவளுக்கு ஊதித் தள்ளுகிற வேலை. எத்தனையோ கதாநாயகிகள் அவள் தொண்டையில்தான் அழுதார்கள். அவர்களுக்குப் பரிசு கிடைத்தபோது அவள் வீட்டில் டிவி பார்த்துக் கைதட்டினாள்.

போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டி போனது. குரலும் கூடவே போனது. ஒரு பக்கத்துக் குரல்நாண் இனி அசையாது என்றார் டாக்டர், துருப்பிடித்த கதவுக் கீலைப் பற்றிச் சொல்வதுபோல. மிச்சமிருப்பதில் முக்கால்வாசி காற்று.

பறவைக்கு வசனம் கிடையாதே, சமாளித்துவிடுவார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். பரிதாபம். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் வந்தாள். வேலை வேண்டும். அதைவிட, தான் இன்னும் குரல்காரிதான் என்று தெரிய வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இளம்பரிதி மைக்கில் பேசினான்.

"அக்கா, இது அவ்வளவு தூரம் எட்டாதுக்கா. சாயங்காலம் வேற ஒரு பொண்ணு வர்றாங்க. நீங்க சங்கடப்படாதீங்க."

சங்கடப்பட்டாள். நன்றாகவே பட்டாள்.

காலையில் டீ குடிக்கும்போது இவர்களே சொல்லிச் சிரித்தார்கள். விலங்கியல் படித்த ஒரு நண்பரிடம் படத்தைக் காட்டினார்களாம். இந்தச் சிறகை வைத்துக்கொண்டு இந்த உடம்பு தரையைவிட்டு ஒரு முழம் எழும்பாது, இப்படியொரு பறவை இருந்திருக்கவே முடியாது என்றாராம் அவர். கதைதானே, பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். கடைசிக் காட்சியில் அது பறக்கிறது.

பறக்க முடியாத சிறகென்றால் பரவாயில்லை. எட்டாத குரலென்றால் வேறு பெண் வருகிறாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த கோபம்.

நன்றாக இருந்தது.

வீட்டு மாடியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருமுனையில் விளையாடும் மகள் மகிழினி திரும்பிப் பார்ப்பாள். அதெல்லாம் முன்பு. குரல் போன பிறகு கைதட்டிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைக் கைதட்டிக் கூப்பிட மனசு ஒப்பவில்லை. படியிறங்கிப் போய்க் கூப்பிட்டாள்.

கொஞ்ச நாளாக மகிழினி தெருமுனைக்குப் போவதில்லை. மாடிப்படிக்கு அடியிலேயே விளையாடுகிறாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

டப்பிங் அறையில் அவள் மைக்குக்கு அருகே குனிந்தாள்.

"தம்பி, என் குரல் எட்டாது. அந்தப் பிள்ளையைக் கிட்ட கொண்டு வாங்க."

கண்ணாடிக்கு அப்பால் அவன் ஒலிப்பதிவாளர் ஜெரால்டைப் பார்த்தான். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பேரே பெருங்கூவிக்கா."

"பேரு நீங்க வச்சது. அது வச்சுக்கல."

ஜெரால்டு சிரிப்பை அடக்க இருமினார்.

இளம்பரிதி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் சுருங்கியிருந்தது. ஆனாலும் வந்தான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்த புள்ளியை அழித்தான். இந்தப் பக்கத்துப் பாறையில் குஞ்சை வரைந்தான்.

அவள் கூவினாள். காற்றாக வந்தது.

"இன்னும் கிட்ட."

காலடியில் வரைந்தான். நின்றுகொண்டே வரைந்தவன் இப்போது பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

பறவை எப்படிக் கூவும் என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டாள். மகிழினியின் பெயரைக் கூப்பிட்டாள். எழுத்துகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, பெயரை மட்டும்.

மூச்சு. நடுவில் ஒரு விரிசல். மறுபடி மூச்சு.

இந்தமுறை உடைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒலியைக் கூட்டப் போன ஜெரால்டின் கை பாதியில் நின்றது. நாற்காலியைக் கண்ணாடிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இளம்பரிதி படத்தையே பார்த்தான். குஞ்சை இன்னொரு முறை அழித்தான். யாரும் சொல்லாமலே அதைச் சிறகுக்கு அடியில் வரைந்தான்.

முறம் அளவுச் சிறகு.

குஞ்சு அதற்குள் சரியாக அடங்கியது.

சிறகின் கோட்டை அவன் ஒருமுறை அழுத்தி வரைந்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தவனாக நிமிர்ந்தான்.

"அப்போ கடைசில இது எப்படிக்கா பறக்கும்?"

"பறக்காது," என்றாள். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

"எடுங்க."