தானே நிரப்பும் பெட்டி

"'லீ'ன்னுதான் அடிச்சேன் தம்பி. முழுப் பேரும் வந்துடுச்சே!"

சம்சுன்னிசா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கம்ப்யூட்டர் திரைப் பக்கம் குனிந்தார். பெயர் அடிக்கிற பெட்டிக்குக் கீழே, 'லீலா, புக்கிட் பாஞ்சாங். நூறு பேர். ஆட்டுக்கறி ஆகாது, கோழி மட்டும்' என்று ஒரு வரி வந்து நின்றது.

"அதான் க்கா ஆட்டோகம்ப்ளீட். ஒண்ணு ரெண்டு எழுத்து அடிச்சா போதும், மீதியை அதுவே சொல்லும்," என்றான் ரித்திக். சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பது.

அவனைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மூன்று கேட்டரிங் கடை நடத்துகிற அம்மாள், அதுவும் வெள்ளிக்கிழமை. சொன்ன நேரத்துக்கு உட்கார அவருக்கு எங்கே நேரம்?

வங்கி வேலையை விட்டுவிட்டு, இந்த ஒரு சாஃப்ட்வேரை நம்பி ஐந்து மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் ரித்திக். இன்று கையெழுத்து விழவில்லை என்றால், திங்கட்கிழமை பழைய ஆபீஸில் போய்ப் பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

அவனைப் பாடாய்ப் படுத்திய பெட்டி அது. பத்து நாளைக்கு முன்புவரை 'பிரியாணி' என்று அடிக்கத் தொடங்கினால் 'பிரிட்ஜ் ரிப்பேர்' என்று முடித்து, கடையில் இருந்த அத்தனை பேரையும் சிரிக்க வைத்தது. பிறகு ஒரே வாரத்தில் திருந்திவிட்டது. பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் சம்சுன்னிசா. "ஆனா தம்பி, இருபத்திரண்டு வருஷம் ஆர்டர் எடுத்த மனுஷன் காதர் மைதீன் அண்ணன். கம்ப்யூட்டர் வருது, நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிட்டேன். அன்னைலேர்ந்து மனசே சரியில்ல. இதுவும் சரியா வரலைன்னா எந்த முகத்தோட அவரைப் பார்ப்பேன்?"

"வரும் க்கா. நீங்க அடிச்சுப் பாருங்க."

'யூசு' என்று அடித்தார். நாலு விநாடி ஒன்றும் நடக்கவில்லை.

"யோசிக்குதோ?"

"ஆமா க்கா. பழைய டேட்டா எல்லாத்தையும் பார்க்குது."

"பார்க்கட்டும், பார்க்கட்டும். யோசிச்சுப் பேசினா நல்லதுதான்."

பெட்டி யோசித்து முடித்தது. 'முகம்மது யூசுப், சாங்கி. இருநூறு பேர் என்பார். முந்நூறு பேர் வருவார்கள். சோறு கூடப் போடவும்.'

சம்சுன்னிசா வாய்விட்டுச் சிரித்தார். "அடேயப்பா! இது எந்த பில்லுல எழுதியிருந்துச்சு?"

"பேட்டர்ன் க்கா. ஒவ்வொரு தடவையும் பத்தலைன்னு கூப்பிடுவார்ல, அதை வச்சு அதுவே புரிஞ்சுக்கும்." ஏர்கான் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தும் ரித்திக் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து 'இர்' என்று அடித்தார். 'இர்ஃபான். இவர் சொல்வதை எழுத வேண்டாம். பத்து நிமிடத்தில் மனைவி யும்னா கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றுவார்.'

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் மூட்டை வெங்காயம் நறுக்கியிருந்தார்கள். அதனால் ரித்திக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சமையல்காரர்கள் மூவரும் சட்டையை மாற்றிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போனார்கள். கடையில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துடுறேன் தம்பி."

"போதும் க்கா. மூணு தடவையும் கரெக்டா வந்துடுச்சே. கையெழுத்து மட்டும்..."

"இருங்க லா. எங்க ஓடிடப் போறேன்?"

'ஆயி' என்று அடித்தார். பெட்டி காலியாகவே நின்றது. ஐந்து விநாடி. பத்து விநாடி. அழித்துவிட்டு 'ஆயிஷா' என்று முழுப் பெயரையும் அடித்தார். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

ரித்திக் மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கி, சாஃப்ட்வேரை மூடித் திறந்தான். வயரை ஆட்டிப் பார்த்தான். திரும்பி நின்று, ஃபோனில் யாருக்கோ அவசரமாக ஒரு மெசேஜ் அனுப்பினான். பதில் வரவில்லை. ஐந்து மாத உழைப்பும் கண்ணெதிரே கரைந்துபோவதைப் பார்க்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சர்வர் அப்டேட் ஆகுது க்கா. ரெண்டு மணிக்குள்ள வந்துடும். சத்தியமா வந்துடும்."

சம்சுன்னிசா ஒப்பந்தத் தாள்களை இழுத்தார். மூன்று கடைக்கும் மூன்று கையெழுத்தைப் போட்டு, அவன் பக்கம் நகர்த்தினார்.

"பதறாதீங்க தம்பி. காதர் அண்ணன் தொழுதுட்டு வரட்டும்."