எதிர்க்கடைக் கைவேலை

“இதைச் செஞ்சவன் கையில ஸ்பேனரைக் குடுத்ததே தப்பு மேடம்.”

சொன்னவர் சைக்கிள் கடைக்காரர். பழைய ரேஸ் சைக்கிள்களைத் தேடி வாங்கி, வளைந்த ஹேண்டிலைக் கழற்றிப் போட்டு, மட்கார்டும் கேரியரும் முன்கூடையும் மாட்டி, கடைகண்ணிக்குப் போய்வரத் தோதான வண்டியாக மாற்றித் தருவது அவர் தொழில். கேட்டுக்கொண்டு நின்றவள் ஒரு விடுதியின் நிர்வாகி. தங்க வருகிறவர்கள் ஊர் சுற்ற இப்படி முப்பது சைக்கிள் வேண்டும், முதலில் நான் ஓட்டும் இந்த வண்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் அவள் ஆரம்பித்தாள்.

முப்பது என்றதுமே அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த ஆர்டர் கிடைத்தால் கடை தப்பிக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவர் சரியாகத் தூங்கியே பல நாளாகிவிட்டது.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அவள் அந்த நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தது எதிர்க்கடையிலிருந்து. எதிர்க்கடை அவருடைய மைத்துனனுடையது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள். பிரேக் ஒயரை எந்தப் பக்கமாக விடுவது என்று தொடங்கிய வாக்குவாதம் முற்றிப்போய், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஷட்டரைத் தூக்குகிறார்கள். அவன் வண்டி தானாக வந்து கையில் சிக்கியிருக்கிறது, சும்மா விடுவாரா?

“ஓட்டறதுக்கு நல்லாத்தானே இருக்கு?” என்றாள் அவள்.

“இன்னைக்கு நல்லா இருக்கும். ரேஸ் ஃபிரேம்ல கேரியர் மாட்டறதுக்கு ஓட்டையே இருக்காது. அதுக்குன்னு ஒரு வழி இருக்கு. இவன் பட்டையைப் போட்டு மூட்டை கட்டற மாதிரி கட்டி வச்சிருக்கான்.”

உள்ளே சீட்டுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்த மனைவி பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஒரு நிமிடம் உள்ளே வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். தம்பியைச் சொன்னதும் இவளுக்குப் பொத்துக்கொண்டு வருகிறதே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. கூப்பிட்டது காதில் விழாதது போல அடுத்ததாக ஹேண்டிலுக்குத் தாவினார்.

ஹேண்டில் பிடிப்பு ஆளைப் பார்த்து அமைத்ததாகத் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அமைத்தது என்றார். செயின் கோணலாக ஓடுகிறது என்றார். முன்பிரேக் பிடித்தால் பிடித்த மாதிரி, பிடிக்காவிட்டால் கடவுள் விட்ட வழி என்றார். பாதி உண்மை, பாதி அளப்பு. மனைவி இருமிப் பார்த்தாள், காலை மிதித்துப் பார்த்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டாரே தவிர வாயை மூடவில்லை.

நிர்வாகி முகம் வாடிப்போய்விட்டது. தினமும் ஏறிப் போகிற வண்டியாயிற்றே.

“கடைசியா ஒண்ணே ஒண்ணு. இதைச் செஞ்சவருக்கே அந்த முப்பதையும் குடுக்கலாமா, வேண்டாமா?”

“தாராளமா குடுங்க. விடுதிக்குப் பக்கத்துலயே ஒரு ஆஸ்பத்திரியும் கட்டிக்குங்க.”

சொல்லிவிட்டு மனைவியை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடன்பிறந்த பாசம், ஆர்டர் கைக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

நிர்வாகி பெருமூச்சு விட்டாள். “எதிர்க்கடைக்காரர் வேற மாதிரியில்ல சொன்னாரு. ஆர்டரை முதல்ல அவர்கிட்டதான் குடுக்கப் போனேன். இந்த வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, இவ்வளவு சுத்தமான வேலை எனக்கு வராதுங்க, செஞ்சவர்கிட்டயே குடுங்கன்னு சொல்லி உங்க கடையைக் காட்டினாரு.”

“எங்க கடையையா?”

“நீங்க கடை ஆரம்பிச்ச புதுசுல எங்க அண்ணனுக்குச் செஞ்சு குடுத்த வண்டிதானே இது? பெயிண்டை மட்டும்தான் நான் மாத்தினேன்.” சைக்கிளை எதிர்க்கடைப் பக்கம் திருப்பினாள். “பாவம், அவர் உங்களை ரொம்ப உசத்தியா நினைச்சிட்டாரு. ஆனா, செஞ்ச உங்களைவிட அவருக்கா தெரியப்போகுது?”