முதல்ல என்னைத்தான் கூப்பிடணும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய் என்றால் என் நாக்கு இந்த நிமிஷமே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். ஒட்டவில்லை பாருங்கள்!

வாத்தியார் வீட்டு மாடியில் மறுபடியும் குழாய் சொட்டியது.

"சார், பாத்ரூம் குழாய்..." என்று படிக்கட்டில் நின்று இழுத்தார், மாடியில் குடியிருக்கும் தையல்காரர்.

"போன வாரம்தானேய்யா இறுக்கிட்டு வந்தேன்! நீங்க குழாயைத் திறக்கறீங்களா, இல்ல அதோட குஸ்தி போடறீங்களா?"

"திறக்கத்தான் சார் செஞ்சோம். கையோட வந்துடுச்சு."

வாத்தியார் பல்லைக் கடித்தார். கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாடி கட்டி வாடகைக்கு விட்டால் கால்மேல் கால் போட்டு உட்காரலாம் என்பது அவர் போட்ட கணக்கு. வந்ததென்னவோ ரிப்பேர்தான். தாழ்ப்பாள் விழாது, விழுந்தால் எழாது. ஃப்ளஷ் டேங்க் ராத்திரி பகல் பார்க்காமல் அழும். ஒரு அறையில் சுவிட்சைத் தட்டினால் அடுத்த அறையில் விளக்கு எரியும்.

பிளம்பர் என்ற பேச்சே அந்த வீட்டில் கூடாது. முன்பு ஒருமுறை கூப்பிட்டதற்கு, "வாஷர் போயிடுச்சு, பைப்பையும் சேர்த்து மாத்திடலாம்" என்றாராம் பிளம்பர். "விட்டா வீட்டையே மாத்தச் சொல்லுவே!" என்று தெருமுனை வரை துரத்திவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே ஸ்பேனர் செட் வாங்கிவந்தார் வாத்தியார். அதிலிருந்து குடிவருகிறவர்களுக்கு அவர் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: எது கெட்டாலும் முதலில் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஸ்பேனரோடு மாடி ஏறினார். வெள்ளை டேப்பைச் சுற்றினார், சுற்றினார், குழாய் தலைப்பாகை கட்டிக்கொள்ளும் வரை சுற்றினார். பிரித்து நீட்டினால் ஊருக்கே வேலி போடலாம்.

"இனிமே யானை வந்து இழுத்தாலும் அசையாது!"

"ரொம்ப நன்றி சார்" என்றார் தையல்காரர் பவ்யமாக. பின்னால் நின்றிருந்த அவர் மனைவி, நிறைமாதக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

கீழே வந்ததும் வாத்தியார் தன் மனைவியிடம் வெடித்தார்.

"காலி பண்ணச் சொல்லிடப் போறேன். இவங்க கை பட்டா இரும்பும் இத்துப் போகுது."

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணுங்க. இந்த நிலைமையில எங்க போய் வீடு தேடி அலைவா?"

"நான் மட்டும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு அலையலாமா?"

"உங்களை யாரு அலையச் சொன்னா?" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் துரத்தியடித்த அதே பிளம்பர்! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் பின்னாலேயே பாய்ந்தார். அவர் போவதற்குள் குழாய் தனியாகக் கிடந்தது. உரித்த டேப் தரையில் குவிந்திருந்தது.

"என் வீட்டுல என்னைக் கேக்காம ஆளை விடறீங்களா? கண்டிஷன் என்ன? முதல்ல என்னைத்தானே கூப்பிடணும்?"

"முதல்ல உங்களைத்தான் சார் கூப்பிட்டேன்" என்றார் தையல்காரர். "ஒவ்வொரு தடவையும்."

"எதிர்ப்பேச்சு வேறயா? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க!"

தையல்காரர் முகம் வெளுத்தது. அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பிளம்பருக்குத்தான் பொறுக்கவில்லை.

"வாத்தியாரே, தாழ்ப்பாளைத் தலைகீழா மாட்டினீங்களே, அதுக்கு நான் வந்தேன். ஃப்ளஷ்ஷை முறுக்கினீங்களே, அதுக்கும் வந்தேன். சுவிட்சுக்கு என் மச்சானை அனுப்பினேன். நீங்க கை வெச்சதுல நான் வராத இடமே பாக்கி இல்ல. உங்க காதுல விழக் கூடாதுன்னு இந்த மனுஷன் என்னைச் செருப்பைக்கூடக் கழட்டச் சொல்லுவாரு!"

வாத்தியார் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

தையல்காரர் தயங்கினார்.

"சில பேரு வீட்டுலேயே எதையாவது தைச்சுப் பார்த்து, சரியா வராம எங்கிட்டக் கொண்டு வருவாங்க சார். ‘இதை யாரு தைச்சது’ன்னு நான் கேக்கறதே இல்ல. பேசாம பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடுவேன். ஆசையாத் தைச்சிருப்பாங்க இல்ல?"

வாத்தியார் விருட்டென்று எழுந்தார்.

"மாசக் கடைசின்னு சொன்னேன். எந்த மாசம்னு சொன்னேனா?" என்று அப்போதும் எரிந்துதான் விழுந்தார். "குழந்தை பொறக்கட்டும். வளரட்டும். பள்ளிக்கூடம் போய்க் கணக்கு வரலைன்னா கீழ அனுப்புங்க. அதையாவது நான் ஒழுங்காச் செய்யறேன்."

கீழே மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

"காலி பண்ணச் சொல்லிட்டீங்களா?"

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சுவரைப் பார்த்து.

அவள் பெருமூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சு. மேல முடிச்சாச்சுன்னா அந்த பிளம்பரைக் கீழ வரச் சொல்லுங்க. நீங்க இறுக்கின சமையலறைக் குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கு. எப்பவும் நீங்க மத்தியானம் கண்ணசந்த பிறகுதான் வந்து பார்த்துட்டுப் போவாரு. இன்னிக்குன்னு பார்த்து நீங்க தூங்கவே இல்ல!"

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். வாத்தியார் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ளமாட்டார். நேராக என் வீட்டுக் குழாயைப் பார்க்க வந்துவிடுவார்.