முழங்கை வரைக்கும் சோப்பு

குறைமாதத்தில் பிறந்த மகள், எழுபது நாள் கழித்து நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாக்காரன் வாசலிலேயே காவல். மாமனாரையே ஜன்னல் வழியாகப் பார்க்கவைத்து அனுப்பியவன்.

மணி அடித்தது. முன்பின் பார்த்திராத முகம்; ஒரு பெண் சிரித்தபடி நின்றாள். மனைவியின் ஆபீஸ் தோழியாக இருக்கும்.

"பாப்பாவைப் பார்க்கலாமா?"

"முதல்ல வளையலைக் கழட்டுங்க. முழங்கை வரைக்கும் சோப்பு போடுங்க. ஆஸ்பத்திரியில எங்க நர்சம்மா போட்ட சட்டம்! அவங்க இருந்தா உங்களை வாசப்படியே மிதிக்க விடமாட்டாங்க."

வளையலைக் கழட்டி, கழுவிவிட்டு வந்தாள். அவன் நீட்டிய மாஸ்க்கை மாட்டினாள். இப்போது கண்கள் மட்டும் தெரிந்தன.

எழுபது நாளும் மாஸ்க்குக்கு மேலிருந்து அவனை விரட்டிய அதே கண்கள்!

"நர்சம்மா... நீங்களா?"

"நானேதான். கதவைத் திறந்தீங்களே, கையைக் கழுவினீங்களா?"